அக்காவின் ஐபேடும் மேலே இருக்கிற ஃபோட்டோக்களும்

போன ஆவணியில் ஒரு நாள் காலை பாளையங்கோட்டையிலிருந்து அக்கா போன் செய்தாள். வழக்கமான விசாரிப்புகள் முடிந்ததும், "ஏ தம்பி, இந்த ஐபேடுல இடம் இல்ல, இடம் இல்லன்னு ஒரே தொந்தரவா இருக்கு. பழைய ஃபோட்டோ ஒரு ஐந்நூறு அழிச்சேன். அப்பவும் அதையேதான் சொல்லுது. இன்னும் எதை அழிக்க?" என்றாள்.

"எப்ப அழிச்ச?"

"மூணு வாரம் இருக்கும்."

"வேற எங்கயாவது எடுத்து வச்சிருக்கியா?"

"அதெல்லாம் மேல கிளவுடுல இருக்குல்லா. உன் மருமகன்தான் மாசாமாசம் காசு கட்டுதானே."

நான் மதியம் சாப்பிட்ட கையோடு மதுரையிலிருந்து பஸ் ஏறிவிட்டேன். "ஃபோட்டோவுக்காகவா இந்த வெயிலில்?" என்று வீட்டில் கேட்டார்கள். அக்காவுக்கு வயது 76. அத்தான் 2021-ல் போய்ச் சேர்ந்தார். அந்த ஐபேட் 2018-ல் மருமகன் அமெரிக்காவிலிருந்து வந்தபோது வாங்கிக் கொடுத்தது. அத்தானின் கடைசி மூன்று வருஷமும் அதற்குள்தான் இருக்கிறது.

அக்கா நினைத்தது தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பரணில் ஒரு பெட்டி, அலமாரியில் ஓர் ஆல்பம் என்றால் இரண்டும் வேறு வேறு. ஆல்பத்திலிருந்து ஒன்றைக் கிழித்தால் பரண் பெட்டியில் இருப்பது கிழியாது. ஆனால் ஐகிளவுட் ஃபோட்டோஸ் அப்படி வேலை செய்வதில்லை. ஐபேடில் தெரிவதும் மேலே இருப்பதும் ஒரே ஆல்பம்தான். நாம் அதை இரண்டு ஜன்னல் வழியாகப் பார்க்கிறோம், அவ்வளவே. இங்கே அழித்தால் அங்கேயும் அழிந்துவிடும். அழித்தவை 30 நாள் மட்டும் ஒரு தனி ஆல்பத்தில் காத்திருக்கும். அதன் பிறகு போனது போனதுதான்.

போனதும் கை கால் கூடக் கழுவாமல் அந்த ஆல்பத்தைத் திறந்தேன். ஒவ்வொரு படத்தின் அடியிலும் '8 நாட்கள்' என்று இருந்தது. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து மீட்டெடுத்த பிறகுதான் அக்கா நீட்டிய காப்பியை வாங்கினேன்.

காப்பி குடிக்கும்போது சுவரில் மாட்டியிருந்த அவர்கள் கல்யாண ஃபோட்டோ கண்ணில் பட்டது. 1971-ல் எடுத்தது. அந்தக் கல்யாணத்துக்கு எடுத்த படங்களே மொத்தம் 12தான். என் சித்தப்பா கடன் வாங்கி வந்த அக்ஃபா கிளிக் III கேமராவில், ஒரு ரோலுக்கு 12 படம். ரோல் ஊட்டி தொழிற்சாலையில் செய்த 'இந்து' ஃபிலிம். இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் என்ற அந்த அரசு நிறுவனம் 1960-ல் அமைக்கப்பட்டது. அந்த மஞ்சள் டப்பாவும் டார்க் ரூமும் தெரிந்த கடைசித் தலைமுறை நாம்தான்.

பன்னிரண்டு படத்தில் இரண்டு ஆடிப்போய்விட்டன, ஒன்றில் சித்தப்பாவின் விரல். மிச்சம் ஒன்பது. ஐம்பது வருஷத்துக்கும் மேலாக அந்த ஒன்பதும் பத்திரமாக இருக்கின்றன. ஐபேடில் 6,400 படங்கள், ஏழு வருஷத்துக்குள் ஐந்நூறு போகப் பார்த்தன. இது ஏன் என்று யோசித்தபடியேதான் அடுத்த நான்கு நாள் வேலையையும் செய்தேன்.

ஃபோட்டோவின் சரித்திரத்தை ஒரு வகையில் 'நகல் எங்கே இருக்கிறது' என்பதன் சரித்திரமாகவே சொல்லிவிடலாம். 1839-ல் பாரிஸில் டாகேர் தன் முறையை உலகுக்கு அறிவித்தபோது ஒரு படத்துக்கு ஒரே ஒரு தகடு. வெள்ளி பூசிய அந்தத் தகடு கெட்டால் படம் இல்லை. நகல் போட வழியே கிடையாது. இங்கிலாந்தில் டால்பாட் கண்டுபிடித்த நெகட்டிவ் முறைதான் அதை மாற்றியது. ஒரு நெகட்டிவ் இருந்தால் எத்தனை பிரதி வேண்டுமானாலும் போடலாம். நம் ஊர் ஸ்டுடியோக்களில் படத்தின் பின்னால் ஒரு நம்பர் போட்டிருப்பார்கள். பத்து வருஷம் கழித்துப் போய் அந்த நம்பரைச் சொன்னாலும் இன்னொரு காப்பி கிடைக்கும். ஸ்டுடியோ இருக்கும் வரைக்கும்தான்.

1888-ல் ஈஸ்ட்மன் விற்ற முதல் கோடக் கேமரா இன்னும் வேடிக்கை. விலை 25 டாலர், உள்ளே 100 படத்துக்கான சுருள். எடுத்து முடித்ததும் கேமராவையே பார்சல் கட்டி ரோச்செஸ்டர் நகரத்துத் தொழிற்சாலைக்கு அனுப்ப வேண்டும். 10 டாலர் வாங்கிக்கொண்டு படங்களைக் கழுவிப் பிரிண்ட் போட்டு, புதுச் சுருள் மாட்டித் திருப்பி அனுப்புவார்கள். பட்டனை அமுக்குவது மட்டும் நம் வேலை, மற்றதெல்லாம் எங்கோ இருக்கும் ஒரு கம்பெனியின் வேலை என்ற பழக்கம் அன்றைக்கே வந்துவிட்டது. ஆனால் படம் கடைசியில் நம் கைக்கு வந்து சேர்ந்தது.

1975-ல் அதே கோடக் கம்பெனியில் ஸ்டீவன் சாஸன் என்ற இளம் இன்ஜினீயர் முதல் டிஜிட்டல் கேமராவைச் செய்தார். மூன்றரைக் கிலோவுக்கு மேல் எடை. ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைப் பதிய 23 விநாடி. பதிந்தது எதில் தெரியுமா? நாம் பாட்டுக் கேட்டோமே, அந்த கேசட் டேப்பில். அன்றிலிருந்து ஃபோட்டோ என்பது கையில் பிடித்துப் பார்க்கும் பொருளாக இல்லாமல் போயிற்று. ஐபேட் 2010-லும் ஐகிளவுட் 2011-லும் வந்தபோது, படம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்ற கேள்வியையே கேட்க மறந்துவிட்டோம். அக்காவும் மறந்துவிட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

சரி, நான் செய்ததைச் சொல்கிறேன். உங்களில் யாருக்காவது உபயோகப்படலாம்.

முதலில் கேபிள் வழி. அக்கா வீட்டு லேப்டாப்பில் ஐபேடைச் செருகினேன். ஃபோல்டர் காலியாகக் காட்டியது. அரை மணி நேரம் கேபிளைத் திட்டிய பிறகுதான், ஐபேடைத் திறந்து 'இந்தக் கம்ப்யூட்டரை நம்பலாமா' என்ற கேள்விக்கு ஆம் என்று சொல்ல வேண்டும் என்பது புரிந்தது. சொன்னதும் படங்கள் வந்தன. எண்ணிப் பார்த்தால் இரண்டாயிரத்துச் சொச்சம்தான். மீதி எங்கே?

மீதி மேலே. இடம் போதாத ஐபேடில், முழு அளவுப் படத்தை மேலே அனுப்பிவிட்டுச் சின்ன உருவத்தை மட்டும் கீழே வைத்துக்கொள்ளும் ஒரு ஏற்பாடு உண்டு. தொட்டால் அந்த நேரத்துக்கு இறக்கிக் காட்டும். பார்ப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது, கேபிளுக்குத் தெரியும். கேபிளில் வந்தவற்றோடு திருப்தி அடைந்து ஐபேடைக் காலி செய்திருந்தால், நாலாயிரம் படங்களை நானே அழித்த புண்ணியம் கிடைத்திருக்கும்.

ஆகவே இரண்டாவது வழி. கம்ப்யூட்டரில் ஐகிளவுட் இணையதளத்தைத் திறந்து, அக்காவின் பாஸ்வேர்டைப் போட்டேன். அது பூஜை அறைக் காலண்டரின் பின்பக்கம் எழுதியிருந்தது. உடனே ஐபேடில் ஆறு இலக்க எண் ஒன்று வந்தது. அதையும் போட்டால்தான் கதவு திறக்கும். அந்த ஐபேட் கீழே விழுந்து உடைந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று நினைத்தேன். அங்கே ஒரு தடவைக்கு ஆயிரம் படம் வரைதான் இறக்க முடியும். நாலாயிரத்துச் சொச்சத்தையும் ஐந்து கட்டாகப் பிரித்து இரண்டு ராத்திரி ஓடவிட்டேன். இறக்கும்போது, எடுத்தபடியே இருக்கும் மூலப் படம் வேண்டும் என்பதைக் கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். படம் எடுத்த தேதி அந்தக் கோப்புக்குள்ளேயே பதிந்திருக்கும். அது போய்விட்டால் எல்லாப் படமும் ஒரே நாளில் எடுத்த மாதிரி ஆகிவிடும்.

மூன்றாம் நாள் எல்லாம் கம்ப்யூட்டருக்கு வந்துவிட்டன. இனி ஒழுங்கு செய்ய வேண்டியதுதான் பாக்கி. அதில்தான் நான் கெட்டிக்காரன் என்று நினைப்பு.

நான் கலெக்டர் ஆபீசில் பதிவறை எழுத்தராக வேலைக்குச் சேர்ந்தவன் என்பது இந்தப் பக்கத்தை வழக்கமாகப் படிப்பவர்களுக்குத் தெரியும். முடிந்த கோப்புகளில் எதை நிரந்தரமாக வைப்பது, எதைப் பத்து வருஷம் வைப்பது, எதை மூன்று வருஷத்தில் கழிப்பது என்று பிரித்துக் கட்டிக் கட்டியே கை காய்ந்தவன். நி.மு., ப.மு., மூ.மு. என்று அட்டையில் எழுதியிருப்பதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். காலாவதியான கட்டுகளைக் கழிக்காவிட்டால் வேண்டியது கண்ணுக்கே தெரியாது என்று என் மேலாளர் சொல்லிக் கொடுத்த பாடம்.

கம்ப்யூட்டருக்கு வந்தவற்றைப் பார்த்தால், பல படங்களுக்குப் பக்கத்தில் அதே நம்பரில் இன்னொரு கோப்பு. படம் ஹெச்இஐசி என்ற வகை, பக்கத்தில் இருப்பது எம்ஓவி என்ற வீடியோ வகை. ஒவ்வொன்றும் மூன்றே விநாடி. நாலைந்தைத் திறந்து பார்த்தேன். ஒன்றில் தரை, ஒன்றில் மின்விசிறி, ஒன்றில் யாருடைய காலோ. தவறுதலாக அமுங்கியவை என்று தீர்மானித்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட எம்ஓவி கோப்புகளை மொத்தமாகத் தேர்ந்தெடுத்துக் குப்பைத்தொட்டிக்கு அனுப்பினேன். பதிவறை சுத்தமான திருப்தியோடு தூங்கினேன்.

நாலாம் நாள் காலை அக்காவைக் கூப்பிட்டு உட்கார வைத்து, "பாரு, எல்லாம் வந்தாச்சு" என்று வருஷவாரியாகக் காட்டினேன். 2019 பொங்கல் வந்தது. திண்ணையில் அத்தான் கரும்போடு நிற்கிறார். அக்கா எழுந்து வந்து கம்ப்யூட்டர் திரையில் அத்தான் முகத்தின் மேல் விரலை வைத்து அழுத்தினாள். ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள்.

"என்னக்கா?"

"சத்தம் வரலியே."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அக்கா உள்ளே போய் ஐபேடை எடுத்து வந்தாள். அதே படத்தைத் தேடி எடுத்து விரலால் அழுத்தினாள். படம் அசைந்தது. அத்தான் கரும்பை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு, "நேராப் பிடி, கை ஆடுது பாரு" என்றார். அவ்வளவுதான், நின்றுவிட்டது. மூன்று விநாடி.

"தினமும் ராத்திரி ஒரு தடவை கேப்பேன். அவர் குரலு வேற எதுலயும் இல்ல" என்றாள்.

லைவ் ஃபோட்டோ என்று அதற்குப் பெயர். 2015-ல் ஐபோனில் வந்தது, பிறகு ஐபேடிலும். பட்டனை அமுக்குவதற்கு ஒன்றரை விநாடி முன்பும் ஒன்றரை விநாடி பின்பும் நடப்பதைச் சத்தத்தோடு பதிந்துகொள்ளும். ஐபேடில் இரண்டும் ஒரே படமாகத் தெரியும். கம்ப்யூட்டருக்கு வரும்போது படம் வேறு, சத்தம் வேறு எனப் பிரிந்து வரும். முன்னாலும் பின்னாலும் ஐபேடைத் தூக்கி இறக்கும்போது பதிந்ததால்தான் தரையும் மின்விசிறியும். நான் குப்பை என்று கழித்தது அத்தானின் குரலை.

அக்காவிடம் நான் எதையும் சொல்லவில்லை. காப்பி கேட்டு அவளை அடுக்களைக்கு அனுப்பிவிட்டு, குப்பைத்தொட்டியிலிருந்து அத்தனை கோப்புகளையும் திரும்ப எடுத்து அந்தந்த ஃபோல்டரில் போட்டேன். கை நடுங்கியது. ஒருவேளை தொட்டியைக் காலி செய்திருந்தாலும் ஐபேடில் மூலம் இருக்கத்தான் செய்தது. மாற்றி முடித்து, சரிபார்த்து, இரண்டாவது நகலும் எடுக்கும் வரை மூலத்தில் கை வைக்கக்கூடாது என்ற ஒரு விதியையாவது நான் மீறவில்லை. ஆனால் ஐபேடை அதற்குள் காலி செய்திருந்தால்? அந்தக் கேள்வி இன்னும் சில ராத்திரிகளில் வருகிறது.

யோசித்துப் பார்த்தால், பழையவை பெரும்பாலும் இப்படித்தான் தொலைந்திருக்கின்றன. வெள்ளத்திலும் நெருப்பிலும் போனவை உண்டு. ஆனால் இடம் மாற்றும்போது, ஒழுங்கு செய்யும்போது, இது எதற்கு என்று யாரோ ஒருவர் கழித்தவையும் ஏராளம். நம் பெரியவர்கள் பனையோலையைப் பெயர்த்து எழுதித்தான் காப்பாற்றினார்கள். ஓலை சில நூறு வருஷத்தில் பொடிந்துவிடும். அதற்குள் யாராவது உட்கார்ந்து புது ஓலையில் எழுத வேண்டும். எழுத ஆள் இல்லாத வீட்டு ஏடுகள் ஆற்றில் விடப்பட்டன. உ.வே.சா. ஊர் ஊராக அலைந்து சேர்த்தவை, அப்படிப் பெயர்த்து எழுதப்பட்டு மிஞ்சியவைதான். 1887-ல் அவர் சீவக சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்ததும் ஓர் இடமாற்றமே.

1858-ல் லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி தஞ்சைப் பெரிய கோயிலின் அடிப்பகுதிக் கல்வெட்டுகளைப் படம் எடுத்து, 21 பிரிண்டுகளை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். கல்லிலிருந்து காகிதத்துக்கு. மறுபக்கம், நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த தென்னிந்தியாவின் முதல் ஊமைப்படம் கீசக வதம் இன்று ஒரு சுருள் கூட இல்லை. 1931-ல் வந்த முதல் பேசும் படம் காளிதாஸின் பிரதியும் இல்லை. ஓடி முடிந்த படம் யாருக்கு வேண்டும் என்று அன்றைக்கு நினைத்திருப்பார்கள். பூனாவில் தேசியத் திரைப்படக் காப்பகம் 1964-ல் தொடங்கியபோது ஊமைப்படங்களில் பெரும்பாலானவை போய்விட்டிருந்தன. கழித்தவர்கள் கெட்டவர்கள் அல்ல. என்னைப் போல இடத்தைச் சுத்தம் செய்தவர்கள்.

பதிவறையில் ஒரு கோப்பைக் கழிக்கும் முன் சம்பந்தப்பட்ட பிரிவில் கேட்டுவிட்டுத்தான் கழிப்போம். அந்தக் கட்டு எதற்கு என்று பிரிவு எழுத்தருக்குத்தான் தெரியும். இங்கே பிரிவு எழுத்தர் அக்கா. அவளைக் கேட்காமல் நான் கை வைத்தேன், அதுதான் தப்பு.

ஐந்தாம் நாளும் இருந்து, அக்காவைப் பக்கத்தில் உட்கார வைத்தே மீதி வேலையைச் செய்தேன். "இது யாரு, எந்த ஊரு, எந்த விசேஷம்" என்று கேட்கக் கேட்க, அவள் சொல்லச் சொல்ல, ஒரு நோட்டில் எழுதினேன். பாதிப் பேர் எனக்கே தெரியாதவர்கள். இன்னும் இருபது வருஷத்தில் பெயர் தெரியாத முகங்களை யார் வைத்திருப்பார்கள்? அந்த நோட்டையும் படம் எடுத்துச் சேர்த்துவிட்டேன்.

இப்போது படங்கள் மூன்று இடத்தில் இருக்கின்றன. மேலே ஐகிளவுடில் ஒன்று, அக்கா வீட்டு ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, மதுரையில் என் அலமாரியில் ஒன்று. ஆப்பிளில் மரபுத் தொடர்பாளர் என்று ஒருவரைக் குறித்துவைக்கும் வசதி 2021 டிசம்பரில் வந்தது. நமக்குப் பிறகு அவர் நம் கணக்கைத் திறக்கக் கேட்கலாம். அக்கா மருமகனைக் குறித்திருக்கிறாள். அவளே தானாக, "எனக்குப் பொறவு அவனுக்கு வேணும்லா" என்றாள்.

ஹார்ட் டிஸ்க்கும் நிரந்தரம் அல்ல என்பது எனக்குத் தெரியும். அலமாரியில் பூட்டி வைத்தால் ஒரு நாள் திறக்காமலே போய்விடலாம். அதனால் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். சரஸ்வதி பூஜை அன்று புத்தகங்களோடு அதையும் வைத்துச் சந்தனப் பொட்டு இட்டேன். பேரன் சிரித்தான். மறுநாள் விஜயதசமி. புத்தகத்தை எடுத்து ஒரு வரியாவது படிக்க வேண்டும் என்பது முறை. ஹார்ட் டிஸ்க்கை எடுத்துச் செருகி 2019 பொங்கலைத் திறந்து, படத்தின் பக்கத்தில் இருந்த மூன்று விநாடிக் கோப்பை ஓடவிட்டேன்.

கை ஆடுது பாரு என்றார் அத்தான். சரியாகத்தான் இருக்கிறது.